புத்தகத்தில் இல்லாத பெயர்

"ஊர் நடுவில் நின்று கூலி கேட்டவள் நான். என் பெயரைப் போட உங்களுக்கு என்ன பயம், தம்பி?"

நடவுப் பெண்களைக் கூட்டிச் செல்லும் அந்த அம்மா என் புத்தகத்தைப் பற்றிக் கேட்டபோது, எங்கள் சமூக ஆய்வுத் துறையில் எல்லோரும் சொல்லும் பதிலையே சொன்னேன்: விவரம் தந்தவருக்குத் தீங்கு வரக் கூடாது. தஞ்சைக்கு இது புதிதும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் இங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கோஃப் தம் ஊரைக் கும்பபேட்டை என்றார். அடுத்த பத்தாண்டில் வந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தம் ஊரை ஸ்ரீபுரம் என்றார். இரண்டுமே புனைபெயர்கள்.

அவர் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் அந்தப் பதில் போதவில்லை.

நான் எழுதியது நடவு கைமாறுவதைப் பற்றி. மேற்கு வங்கத்து ஆண்கள் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி, நட்டு முடித்து அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். நாள் கூலிக்கு நட்ட உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை சுருங்கிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கியவர் இந்த அம்மாதான். ஒரு நாற்று முடியைப் பிரித்து, இரண்டு விரலால் சேற்றில் ஊன்றிக் காட்டினார். "ஆழமாகப் போனால் தூர் கட்டாது. ஒப்பந்தக்காரனுக்கு அதைப் பார்க்க நேரம் ஏது?" அந்த அத்தியாயத்தின் உயிரே இந்தப் பேச்சுதான். அட்டையில் என் பெயர் இருக்கிறது. அவர் உள்ளே "ஒரு மூத்த தொழிலாளி".

ஆனாலும் காரணம் இருந்தது. அவருடைய மகன் சிங்கப்பூருக்குப் போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அவர் கூலி கேட்டுச் சண்டையிட்ட அதே நிலக்காரரிடம் வாங்கிய கடன். நான் மறைத்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பல நாள் அப்படியே நினைக்கிறேன். பிறகு ஒரு கேள்வி வரும்: அந்த ஊரில் நடவுக்கு ஆள் கூட்டுபவர் அவர் ஒருவர்தானே? புத்தகத்தைப் படித்தால் நிலக்காரருக்கு ஆள் யாரென்று தெரியாதா? தெரியாமல் போவது வெளியூர் வாசகருக்கு மட்டும்தான். அப்படியானால் யாரிடமிருந்து யாரைக் காத்தேன்?

தமிழ்ப் பதிப்புக்காக மறுபடி கேட்டேன். "போடுங்கள், என் வாயால் சொன்னதுதானே" என்றார். அன்று இரவே மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். "அம்மா சொல்வார், சார். கடன் அடையும்வரை வேண்டாம்."

சொன்னவர் அம்மா, கடனைச் சுமப்பவர் மகன். இருவரில் யாருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று எங்கள் நெறிமுறைப் படிவத்தில் இல்லை. அச்சகத்துக்குப் போன பிரதியில் பெயர் இல்லை. அதை அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.