வெளியீட்டை நிறுத்தும் பிழை எது?

கட்டற்ற மென்பொருளில் பிழைப் பட்டியல் காலியாகும் நாள் என்று ஒன்று வராது. நூற்றுக்கணக்கான பிழைகள் திறந்திருக்கும்போதே வெளியிடத்தான் வேண்டும். எதற்காக நிறுத்துவோம், எதைத் தெரிந்தே விட்டுவிடுவோம் என்பதை வெளியீட்டுச் சுழற்சியின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் எழுத உட்கார்ந்தால், எப்படியாவது முடித்தால் போதும் என்ற அவசரம் அந்த வரையறையை வளைத்துவிடும்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று தரப் பிழைகள் மட்டுமே வெளியீட்டைத் தடுக்கும். அதிகம் பேர் நம்பியிராத ஒரு பேக்கேஜில் (நிறுவுவதற்கான மென்பொருள் பொதியில்) அப்படி ஒரு பிழை கவனிப்பாரின்றிக் கிடந்தால், எல்லோரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. அந்தப் பேக்கேஜையே, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். கறாரான முறைதான், ஆனால் வேலை நடக்கிறது.

தரவை அழிக்கும் பிழை, பாதுகாப்பு ஓட்டை இரண்டிலும் விவாதமே வேண்டாம், நிறுத்த வேண்டும். அடுத்த இடம், முந்தைய பதிப்பில் ஒழுங்காக ஓடி இப்போது உடைந்திருப்பவற்றுக்கு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பயனரின் நிரலை உடைக்கும் மாற்றத்தைத் திரும்பப் பெறுவதே வழக்கம். முந்தைய பதிப்பிலும் இருந்த பழைய பிழைக்காக நிறுத்துவதில் பொருளில்லை. அந்தப் பிழையோடு பயனர்கள் ஏற்கெனவே காலம் தள்ளுகிறார்கள். நிறுத்தினால் மற்ற திருத்தங்களும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகும்.

புதிதாக நிறுவிப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டு பதிப்பு பழைய அமைப்புக் கோப்போடும் நிரம்பிய தரவுத்தளத்தோடும் மேம்படுத்திப் பார்ப்பவர் குறைவு, உடைவதோ பெரும்பாலும் அங்கேதான். தரவுத்தள அட்டவணை மாறியிருந்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்பதையும் சோதித்து வெளியீட்டுக் குறிப்பில் எழுத வேண்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது, வெளியீட்டுக்கு முதல் நாள் "ஒரே ஒரு வரிதான்" என்று வரும் பேட்ச், அதாவது நிரல் திருத்தம். அதை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆர்சி, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, வந்த பிறகு தடுக்கும் பிழைக்கான திருத்தம் மட்டுமே உள்ளே வரலாம்; வந்தால் இன்னொரு ஆர்சி, இன்னொரு வாரம். கடைசி ஆர்சிக்கும் இறுதி வெளியீட்டுக்கும் பதிப்பு எண்ணைத் தவிர வேறு வேறுபாடு இருக்கக் கூடாது. கெர்னலில் இரண்டு வாரம் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு வாரம் ஒரு ஆர்சி விடுகிறார்கள். வழக்கமாக ஏழாவதோடு முடியும். மனம் ஒப்பாவிட்டால் எட்டாவதும் வரும்.

ஆர்சியைப் பற்றிப் புகாரே இல்லையென்றால் மகிழ வேண்டாம். யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். பதிவிறக்க எண்ணிக்கையையும் நம்ப முடியாது, அதில் பெரும்பகுதி தானியங்கிச் சோதனை இயந்திரங்களாக இருக்கலாம். மெனுவில் எழுத்துப் பிழை, ஐகான் மங்கல் என்று சில்லறைப் புகார்கள் வந்து, பெரிய புகார் எதுவும் வரவில்லையென்றால் அது நல்ல அறிகுறி. மனிதர்கள் உண்மையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நாள் குறித்து வெளியிடுவதா, தயாரானதும் வெளியிடுவதா என்பது பழைய வழக்கு. டெபியன் 3.0 ஜூலை 2002இல் வந்தது, 3.1 வர ஜூன் 2005 ஆயிற்று. டெபியன் வழிவந்த உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று நாள் குறித்தது, ஆனாலும் 2006 ஏப்ரலில் வரவேண்டியதை ஜூனுக்குத் தள்ளி 6.06 என்று வெளியிட்டது. நான் நாள் குறிப்பதன் பக்கம். அடுத்த வண்டி எப்போது என்று தெரிந்தால், அரைகுறை வசதியை இதிலேயே திணிக்கும் நெருக்கடி குறையும். ஆனால் முடியாத வசதியைக் கழற்றி எடுக்கும்படி தனியாகக் கட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நாள் வெறும் மிரட்டல்தான்.

வெளியிடும் பதிப்புக்கு டேக் (அடையாளக் குறி) போட்ட பின் டார்பாலை (மூலநிரலைச் சேர்த்துக் கட்டிய கோப்பை) எடுத்து, உருவாக்குநரின் கோப்பகத்தில் அல்லாமல், இணையம் துண்டித்த சுத்தமான கண்டெய்னரில் (தனியே ஒதுக்கிய சூழலில்) கட்டிப் பாருங்கள். விடுபட்ட கோப்பு அங்கே அகப்படும். வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால் அதே எண்ணில் கோப்பை மாற்றி வைக்கவே கூடாது; மிரர்களிலும் (நகல் சேவையகங்களிலும்) லினக்ஸ் விநியோகங்களிலும் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் போய், யாரோ ஊடுருவிவிட்டார்களோ என்ற சந்தேகம் கிளம்பும். 2.4.0 கெட்டதென்றால் 2.4.1 வெளியிடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை.