வீக்கம் வடியட்டும்

2024 பிப்ரவரி 17, சனி

திங்கட்கிழமை மூக்கு ஆபரேஷன். சென்னைக்கு வந்து சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். திருகு இறுகிக் கிடந்தது. சித்தி தேங்காய் எண்ணெய் விட்டு, சுட்டுவிரலை மூக்குக்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகத் திருகி எடுத்தார்.

ஏன் செய்துகொள்கிறாய் என்று எல்லோரும் கேட்டாயிற்று. மூக்குத் தண்டின் நடுவே இருக்கும் மேடு எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தால் நுனி கீழே இறங்குவதும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "மூக்கும் முழியுமா லட்சணமாத்தானடி இருக்கே" என்பது அம்மாவின் கட்சி. அம்மாவுக்கு என் முகம் பிடிக்கும், எனக்குப் பிடிக்க வேண்டாமா?

பணம் முழுக்க என் சம்பளத்தில் சேர்த்தது. காப்பீட்டில் வராது. அழகுக்காகச் செய்வது என்பதால் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பிறவிக் குறைக்கோ விபத்துக்கோ செய்தால் அந்த வரி கிடையாது.

டாக்டர் கம்ப்யூட்டரில் என் படத்தை வைத்து மேட்டைச் சீவி, நுனியைத் தூக்கிக் காட்டினார். திரையில் தெரிந்ததை என் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று மாலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன்

மூக்குக்குள் அடைத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார்கள். மேலே ஸ்பிளின்ட், மூக்கு அசையாமல் பிடித்துக்கொள்ளும் கட்டு. இரண்டு கண்ணுக்குக் கீழும் கருநீலம். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வலி நான் பயந்த அளவு இல்லை. வாய் வழியாகவே மூச்சு விட்டு நாக்கு உலர்ந்துபோவதுதான் கொடுமை. சித்தி ராத்திரியெல்லாம் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஸ்பிளின்ட் எடுத்தார்கள். அகலமாக, எண்ணெய் வடியும் தோலோடு, யாருடையதோ போல ஒரு மூக்கு. எல்லோருக்கும் முதலில் இப்படித்தான் இருக்குமாம். "வீக்கம் வடியட்டும்" என்றார் டாக்டர். எலும்புப் பகுதி சீக்கிரம் வடியும், நுனி கடைசியில்தான் வடியும். என்னைப் போல் தடித்த தோல் என்றால் ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நம்புகிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று, மதுரை வீடு நிறைய ஆட்கள். பெரியம்மா மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூக்குத்தி ஓட்டை தூர்ந்துவிட்டது. அம்மா கையில் கல் மூக்குத்தியை வைத்துக்கொண்டே நின்றாள். ஒரு வருடத்துக்குக் குத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று எழுதியே ஆக வேண்டும். இது வீக்கம் மட்டும் இல்லை.

ஜன்னலோரம், அதே வெளிச்சத்தில், மாதா மாதம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மேடு போய்விட்டது, உண்மை. ஆனால் நுனிக்குச் சற்று மேலே ஒரு தடிப்பு எழும்பி நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தண்டும் நுனியும் சேர்ந்து கீழே வளைகின்றன. வலது துவாரத்தின் ஓரம் மேலே இழுத்திருக்கிறது. ராத்திரி வலப்பக்கம் அடைத்துக்கொள்கிறது. சளி இல்லை, ஆனாலும் அடைக்கிறது. டாக்டர் காட்டிய படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் பாதிப் பேர் "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். மீதிப் பேர் "யாரு இதைப் பண்ணச் சொன்னா?" என்கிறார்கள். முதல் பதிலில் என் கண் பொய், இரண்டாவதில் என் வருத்தம் எனக்குக் கிடைத்த தண்டனை. முழங்கால் ஆபரேஷன் சரியாக வராவிட்டால் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். காசு கொடுத்து, கத்திக்கு உடம்பைக் கொடுத்து, சொன்னது வரவில்லை என்றால் வருத்தப்படத்தான் செய்வேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று சென்னை. தோலுக்கடியில் தழும்புத் திசு சேர்ந்திருக்கலாம் என்று ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார் டாக்டர், கொஞ்சமாகத்தான். அளவு மிஞ்சினால் தோல் மெலிந்து குழி விழுந்துவிடுமாம். ராத்திரி மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். மூச்சு அடைப்பதைச் சொன்னேன். "வீக்கம் வடியட்டும்."

செப்டம்பர் 22, ஞாயிறு

தூக்கம் வராமல் வாசித்தது. 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு கட்டினார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற சர்ஜன் 1814இல் அங்கே அதே முறையைச் செய்தார். மூக்கு கட்டுவது சுஸ்ருதர் காலத்திலிருந்து நம் ஊரில் இருந்த கைவேலை.

மூக்கே போனவர்களுக்காக வந்த வைத்தியம், உனக்கென்ன குறை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவர் துயரம் பெரிது. அதனால் என்னுடையது இல்லையென்று ஆகிவிடாது.

நவம்பர் 9, சனி

மதுரையிலேயே வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். முதலில் மூக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கண்ணாடி முன் நிற்கிறீர்கள், கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா, வகுப்பெடுக்கும்போது இதே நினைப்பா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "உங்களைப் பைத்தியம்னு சொல்லலைம்மா. சில பேருக்கு மூக்கு எவ்வளவு நல்லா வந்தாலும் மனசு ஒத்துக்காது, அவங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் கெடுதல்தான் பண்ணும். அதான் கேக்குறேன்" என்றார். உண்மையைச் சொன்னேன். கல்யாணங்களுக்குப் போவதில்லை. பாடம் நடத்தும்போது மட்டும் மறந்துவிடுகிறேன். ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார், போவேன்.

அப்புறம் பரிசோதனை. இடது துவாரத்தை மூடச் சொல்லிவிட்டு, வலது கன்னத்தை மூக்கோரத்திலிருந்து வெளியே இழுத்துப் பிடித்து, "இப்ப மூச்சை இழுங்க" என்றார். காற்று தொண்டை வரை குளிர்ச்சியாகப் போனது. கையை எடுத்ததும் பழையபடி விசில் சத்தம். இரண்டு மூன்று தடவை செய்யச் சொல்லிக் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி மூச்சு விட்டேன் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேட்டைச் சீவும்போது இருபுறமும் உள்ள குருத்தெலும்பு, இரண்டு துவாரத்துக்கும் நடுவே சுவர் போல நிற்கும் நடுத்தண்டிலிருந்து விடுபட்டு உள்ளே சரியலாம் என்று வரைந்து காட்டினார். அது சரியாமலிருக்க ஸ்பிரெடர் கிராஃப்ட் என்று மெல்லிய குருத்தெலும்புத் துண்டை வைத்துத் தைப்பார்களாம். எனக்கு வைத்தார்களா என்றேன். "ஆபரேஷன் நோட்ஸ் இருந்தாத்தான் தெரியும்." மேலே எழும்பிய தடிப்புக்குப் பெயர் பாலிபீக், கிளி மூக்கு மாதிரி வளைவு, என்று சீட்டில் எழுதினார். எதைச் செய்வதானாலும் முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமாவது ஆக வேண்டும் என்றார்.

மூச்சு அடைப்பது என் கற்பனை இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கே ஃபீஸ் தகும்.

2025 ஜனவரி 18, சனி

நோட்ஸ் கேட்டு மருத்துவமனைக்குப் போன் போட்டு அலுத்துவிட்டது. "டிஸ்சார்ஜ் சம்மரி இருக்குமே மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்துமூலம் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளில் இருக்கிறது. அதையும் குறிப்பிட்டேன். வந்துவிட்டது. ஸ்பிரெடர் கிராஃப்ட் என்ற பேச்சே அதில் இல்லை. நடுத்தண்டுக் குருத்தெலும்பை எடுத்து நுனிக்கு வைத்திருக்கிறார்கள். இனித் தேவைப்பட்டால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று சென்னை டாக்டரைப் பார்த்தேன். சித்தியும் கூட வந்தார். படங்களை மாதவாரியாகப் பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, "எனக்குத் திருப்தி இல்லை, வலது பக்கம் மூச்சு வரலை" என்றேன். "நல்லாத்தானே வந்திருக்கு" என்று ஆரம்பித்தவர், கன்னத்தை இழுத்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனையை அவரே செய்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. திருத்தி ஆபரேஷன் செய்து தருகிறேன், என் ஃபீஸ் வேண்டாம், தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் மட்டும் கட்டுங்கள் என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம்.

அவர் எழுதிக் கொடுத்தாலும் அவரிடம் செய்துகொள்ளப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. திருத்தும் ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம், அதையே தொழிலாகச் செய்பவர் வேண்டும். மதுரை டாக்டர் இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறார். மூச்சுப் பாதையைச் சரிசெய்வது முதல் வேலை. வலது ஓரத்தையும் தடிப்பையும் அதோடு சேர்த்துச் செய்ய முடிந்தால் செய்யட்டும். தனியாக அழகுக்கென்று இன்னொரு தடவை படுக்க மாட்டேன். கம்ப்யூட்டர் படம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். என்னைப் போல் தடித்த தோல் உள்ளவர்களின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய படங்களைத்தான் கேட்பேன். காதிலா விலாவிலா, எங்கே தழும்பு விழும், மறுபடி அடைத்தால் என்ன செய்வார் என்பதையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

முதல் அப்பாயின்ட்மென்ட் மார்ச் 15, கோயம்புத்தூரில். அதற்குமுன் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அம்மாவும் வருகிறாள்.