30 கிராம் கேமரா

தங்கச்சி மகள் பையில் சாவிக்கொத்து மாதிரி தொங்கியதை இன்றைக்குக் கையில் வாங்கிப் பார்த்தேன், நிஜக் கேமரா! கோடக் சார்மேரா. எடை 30 கிராம், 2025-இல் வெளியானபோது அமெரிக்க விலை சுமார் 30 டாலர்.

எனக்குப் பிடித்தது பின்னால் இருக்கும் குட்டித் திரைதான். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "என் கண்ணு மூடியிருக்கு, இன்னொன்னு எடு" என்று யாரும் கேட்க முடியாது. அதனால் அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போனாள், அம்மா வெங்காயம் நறுக்கியபடி சிரித்தது அப்படியே பதிவாகியிருக்கிறது.

சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, 1.6 மெகாபிக்சல்தான், படம் 1440-க்கு 1080 புள்ளி. செல்போனுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் 4-க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்குச் சுமார் 240 புள்ளி கிடைக்கும், வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம்.

நல்ல வெளிச்சம் கட்டாயம் வேண்டும். இவ்வளவு சின்ன சென்சாரிடம் இரவில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. மெமரி கார்டு தனியாக வாங்க வேண்டும்.

கல்யாண வீட்டுக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆனால் பிள்ளை கையில் போனைக் கொடுக்காமல் படம் எடுக்கப் பழக்க வேண்டும் என்றால், சரியான பொருள் இது. படம் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் அவளை இது கூப்பிடாது, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.