மரக் கரண்டியும் பிளாஸ்டிக் கப்பும்

நேற்றுப் பின்னேரம் டச்பே கடற்கரையில் மகளுக்கு ஒரு யோகட் வாங்கிக் கொடுத்தேன். பாதி முடிவதற்குள் மரக் கரண்டி ஊறி நுனி பிய்ந்துவிட்டது. "அப்பா, குச்சி வாயில குத்துது" என்றாள். கப் மட்டும் அதே பழைய பிளாஸ்டிக்.

கம்பனியைப் பிழை சொல்ல ஏலாது. 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக்குக்கு வந்த தடையில் ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலையோடு யோகட் கரண்டியும் அடக்கம். யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு. கரண்டியை மாற்றுவது என்றால் வேறு ஆளிடம் வாங்கினால் சரி. கப்பை மாற்றுவதென்றால் நிரப்புகிற, மூடி ஒட்டுகிற மெஷினிலேயே கை வைக்க வேண்டி வரும்.

2021 மார்ச் கடைசியில் வந்த சஷே (சின்னப் பிளாஸ்டிக் பைக்கற்று) தடையும் இப்படித்தான். 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையான பைக்கற்றுகள் கூடாது; ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. சட்டத்தின்படி சம்போக்காரருக்கு அடி, மிளகாய்த்தூள்காரருக்கு நிம்மதி. (மண்ணுக்குள் போனால் இரண்டும் ஒரே பொலித்தீன்தானே!) எங்கள் தெருக் கடை அக்காவின் கவலை வேறு: "நாள் கூலிக்குப் போறவ முழுப் போத்தல் சம்போ வாங்குவாளே தம்பி?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த மலிவுச் சஷேயைப் பழக்கியதும் கம்பனிகள்தான் என்று பிறகுதான் நினைவு வந்தது.

அப்புறம், அந்த யோகட் கப்பை மணலில் எறிய மனம் வரவில்லை. வீட்டில் அம்மா அதில் மிளகாய் விதை போட்டிருக்கிறா.