கயிறு கட்டாமல் இறங்குகிறவர்கள்

சென்ற ஆண்டு மழை விட்டிருந்த ஒரு மாலையில், கோவளத்துப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் நீரோடியில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார். எங்கள் ஊரைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் பேச்சு ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் இருக்கும் என்பதால் அவருடைய மலையாளம் எனக்கோ என் தமிழ் அவருக்கோ இடைஞ்சலாக இல்லை. கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். பன்னிரண்டு பேர் உட்காரும் சிறிய நீர்மூழ்கி. இருபது மீட்டர் இறங்கி, பாறைகளையும் மீன்களையும் காட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் மேலே வந்துவிடும் என்றார். நான் ஆழ்கடல் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேலே வராவிட்டால் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். "ஃபயர் ஃபோர்ஸ் உண்டல்லோ சாரே" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் நான் செய்த வேலை ஆர்.ஓ.வி. ஓட்டுவது. கப்பலின் மேல்தளத்தில் ஒரு கண்டெய்னருக்குள் உட்கார்ந்துகொண்டு, நீண்ட கேபிளின் முனையில் இருக்கும் ஆளில்லா எந்திரத்தை ஜாய்ஸ்டிக்கால் கடலடியில் நடத்தி, குழாய்களைப் பார்ப்பதும் வால்வுகளைத் திருப்புவதும்தான் அந்த வேலை. முந்நூறு மீட்டருக்குக் கீழே மனிதன் வெறும் உடையோடு போய்ச் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவும் இல்லை. எந்திரத்தின் கைதான் நம் கை. அந்தக் கைக்கும் கண் மிகக் குறைவு. எவ்வளவு பெரிய விளக்கைப் பொருத்தினாலும் ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் இருட்டு. அதற்கு மேல், ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருளைக் காட்டும் சோனாரின் திரையில் தெரியும் மங்கலான பொட்டுகளை நம்பித்தான் போக வேண்டும். பழைய இரும்பு டிரம்மும் பாறையும் தேடும் பொருளும் அந்தத் திரையில் ஒரே மாதிரி தெரியும்.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஒரு முறை நாங்கள் எந்திரத்தையே தொலைத்தோம். ஏறத்தாழ தொள்ளாயிரம் மீட்டர் ஆழம். இரவு இரண்டு மணி இருக்கும். நீரோட்டம் திசை மாறியதில் கேபிள் ஓர் இரும்புச் சட்டத்தில் உரசி அறுந்தது. அறுந்தால் தானாக மிதந்து மேலே வரும்படிதான் எந்திரத்தின் எடையை வைத்திருப்போம். ஆனால் அன்று அது கனமான கருவி ஒன்றைப் பிடித்திருந்தது, மின்சாரம் போன பிறகும் பிடி தளரவில்லை. இருக்கும் இடத்தை ஒலியால் சொல்ல வேண்டிய டிரான்ஸ்பாண்டரும் பதில் தரவில்லை. கடைசியாக எங்கே இருந்தது என்பது மீட்டர் கணக்கில் தெரியும். அப்படியிருந்தும், பக்கத்து வயலிலிருந்து இன்னொரு கப்பலை வரவழைத்து அதன் எந்திரத்தை இறக்கித் தேடிக் கண்டுபிடிக்க முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. கிடந்தது எழுபது மீட்டர் தள்ளி. மேலே வந்ததும் டிரான்ஸ்பாண்டரைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரி செத்திருந்தது. இறக்குவதற்கு முன்பு நிரப்பிய தாளில் அந்தப் பேட்டரிக்கு நேரே சரி என்று குறியிட்டிருந்தது என் கையெழுத்து. உள்ளே ஆள் இல்லாததால் அது வெறும் பண நட்டத்தோடு போயிற்று.

அதனால்தான் 2023 ஜூன் மாதம், டைட்டானிக் கப்பலைக் காட்டக் காசு வாங்கி ஆட்களை ஏற்றிப்போன டைட்டன் என்ற சிறிய நீர்மூழ்கி காணாமல் போன செய்தி வந்தபோது, தொலைக்காட்சியில் 96 மணி நேர ஆக்சிஜன் என்று கடிகாரம் ஓட்டியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு இறங்கிய அந்தக் கலம் போன இடம் டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழம். அங்கே விரல் நகத்தளவு பரப்பில் ஏழெட்டு மூட்டை சிமெண்டின் பாரம் அழுத்தும். இறங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் தொடர்பு அறுந்தது. கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது மாலையில்தான். அதற்குப் பிறகு விமானங்கள் தண்ணீருக்கு மேலே தேடின, சோனார் மிதவைகள் கீழே காது கொடுத்தன, ஏதோ தட்டும் சத்தம் கேட்டதாகவும் சொன்னார்கள். அந்த ஆழத்துக்கு இறங்கக்கூடிய எந்திரங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு. ஒடிசியஸ் என்ற எந்திரத்தை நியூயார்க் மாநிலத்திலிருந்து ராணுவ விமானத்தில் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, அறுநூறு கிலோமீட்டர் கடலில் போய் இறக்குவதற்குள் நான்காம் நாள் ஆகிவிட்டது. இறக்கிய சில மணி நேரத்தில், டைட்டானிக்கின் முகப்பிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீட்டரில் சிதறல்களைக் கண்டார்கள். தொடர்பு அறுந்த சமயத்திலேயே அந்தக் கலம் நொறுங்கியிருந்தது. தேடியவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என்னை உறுத்துவது வேறு. டைட்டனின் உடல் கார்பன் இழையைச் சுற்றிச் செய்த உருளை. அந்த இழை இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்குவதில்லை, முறைக்கு முறை அடுக்குகள் உள்ளுக்குள் பிரியும். அந்த உடலை எந்தத் தரச்சான்று அமைப்பும் ஆய்ந்து சான்றளிக்கவில்லை. 2018-இலேயே துறையைச் சேர்ந்தவர்கள் எழுத்தில் எச்சரித்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர் ஒருவர் ஐயம் எழுப்பி வேலையை இழந்தார். 2022-இல் ஒரு பயணம் முடிந்து மேலே வருகையில் பெரிய வெடிச்சத்தம் கேட்டதும் பதிவாகியிருந்தது. தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை சொல்லிவிட்டது. சரி, உடல் நொறுங்காமல் வெறுமனே செயலிழந்து மிதந்திருந்தால்? மூடியை வெளியிலிருந்து பதினேழு போல்ட்டுகளால் முறுக்கியிருந்தார்கள். அலைக்கு நடுவே வெள்ளை நிறத்தில் ஆடிக்கொண்டிருக்கும் அதைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் யாரும் பார்க்காவிட்டால், உள்ளே இருப்பவர்கள் மூச்சுக் காற்று தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இவ்வளவையும் கேட்ட என் மாமா, இளமையில் தூத்தூர்க்காரர்களோடு சுறாத் தூண்டிலுக்குப் பல நூறு மைல் போய்வந்தவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "கயிறு ஒண்ணும் கெட்டலியா மக்களே?"

நாலு கிலோமீட்டர் கயிற்றை நீரோட்டம் இழுக்கும் இழுப்பில் சிறிய கலம் தன் வழிக்குத் திரும்ப முடியாது என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எங்கள் கரையில் பழைய ஆட்கள் மலையையும் கோவில் கோபுரத்தையும் ஒரு நேருக்கு வைத்துக் கடலுக்குள் இருக்கும் பாரை, அதாவது பாறைத் திட்டை, கண்டுபிடிப்பார்கள். கணிச்சம் என்பது அதற்குப் பெயர். கரை மறைந்துவிட்டால் கணிச்சம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய எங்கள் ஊர்களின் படகுகளைத் தேடி, தப்பி வந்தவர்களே மறுபடியும் கடலுக்குப் போனார்கள். எங்கே தேடுவது என்பதை அவர்களாவது ஓரளவு அறிந்திருந்தார்கள். அப்படியும் பலர் திரும்பவில்லை.

மீட்டு வந்த கதைகளும் உண்டு. அவற்றில் எல்லாம் தேடும் இடம் முன்பே தெரிந்திருந்தது. 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3 என்ற கலம் 480 மீட்டரில் போய்க் கிடந்தபோது, உள்ளே இருந்த இருவரின் குரல் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படியிருந்தும், கயிறு மாட்டி எடுக்க மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. மேலே வந்தபோது சில நிமிடங்களுக்கான ஆக்சிஜனே மிச்சம். 2005-இல் கம்சட்கா கடலில் 190 மீட்டரில் மீன்வலையிலும் கேபிளிலும் சிக்கிய ரஷ்யக் கலத்தை, பிரிட்டனிலிருந்து பறந்து வந்த ஆர்.ஓ.வி. வெட்டி விடுவித்து ஏழு பேரையும் காப்பாற்றியது. வலை என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் கடற்படையிடம் உள்ள மீட்புக் கலங்கள் 650 மீட்டர் வரை போகும். 2021-இல் இந்தோனேசியக் கடற்படையின் நங்காலா என்ற நீர்மூழ்கிக் கப்பல் காணாமல் போனபோது விசாகப்பட்டினத்திலிருந்து ஒன்றை அனுப்பினார்கள். ஆனால் நங்காலா கிடந்தது 838 மீட்டரில், ஐம்பத்து மூன்று பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கடலுக்குள் மனிதன் போகக்கூடாது என்று சொல்ல நான் யார்? சென்னையில் உருவாகிவரும் ஆழ்கடல் ஆராய்ச்சி நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000-இல் மூன்று பேர் உட்காரப் போகும் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கலவை. துறைமுகத்துக்குள்ளே பல முறை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆழத்துக்குப் போகிறார்கள். அந்த நிதானத்தை ஆராய்ச்சிக்காரர்களால் காக்க முடியும். பயணச்சீட்டு விற்றவருக்கு அன்றைய தேதி இருக்கிறது, வந்து காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோவளத்துக்காரரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இருபது மீட்டர்தானே என்றார். எகிப்தில் ஹுர்கதா கரைக்கு அருகிலேயே 2025 மார்ச்சில் சுற்றுலா நீர்மூழ்கி ஒன்று மூழ்கி ஆறு பேர் இறந்ததை மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டு அழைப்பதாகச் சொல்லிப் போனவர் பிறகு அழைக்கவில்லை. வரைபடம் என் மேசையில்தான் கிடக்கிறது. இருக்கைகளின் நிறம் வரை அதில் குறித்திருக்கிறார்கள். மூடி எந்தப் பக்கமிருந்து திறக்கும் என்பதைத் தேடிப் பார்த்தேன், வரையவில்லை.