ஊசிக்கணவாயில் நரம்பு தேடிய மூன்று காலைகள்

ஊசிக்கணவாயின் (squid) உடலில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற நரம்பிழை ஒன்று உண்டு என்று படித்ததிலிருந்து கை பரபரத்தது. பாம்பனில் குடியிருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விடுவதா?

முதல் காலை படுதோல்வி. ஐஸ் பெட்டிக் கணவாய். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில், குழம்புக்குக் கழுவுவதுபோல் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டேன். அறுத்தால் உள்ளே எல்லாம் வெளுத்து, கொழகொழவென்று கிடந்தது. கணவாயின் உடல் நீர் கடல்நீர் அளவுக்கு உப்பு. நல்ல தண்ணீர் பட்டால் செல்கள் உறிஞ்சி ஊதிப்போகும். கடற்கரைக்காரனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த முறை விடியலில் கரைக்கு வந்த வள்ளத்திலேயே வாங்கி, ஒரு கேன் கடல்நீரும் பிடித்துக்கொண்டேன். "குழம்புக்கா, படிப்புக்கா தம்பி?" என்று சிரித்தார் வள்ளத்து அண்ணன். தலையை வெட்டிய பிறகும் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப்பை. சுற்றியுள்ள தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அந்தத் தசைக்கு நேரே நரம்பு வருகிறது. இதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கத்தி தவறி மைப்பை உடைந்தது. அன்றைய வேலை அதோடு சரி.

மூன்றாம் காலை கிடைத்துவிட்டது! தண்ணீரைப் பீய்ச்சும் குழாயான புனல் இருக்கும் பக்கம் நடுவே கீறி விரித்து, குடலை ஒதுக்கினால், உட்சுவரில் தலைப்பக்கமாக இடமும் வலமும் நட்சத்திரம்போல் ஒரு நரம்பு முடிச்சு. அதிலிருந்து கதிர்கள்போல் நரம்புகள் பிரிகின்றன. வால் பக்கம் நீளமாகப் போவதில்தான் தடித்த இழை. தடித்த இழையில் செய்தி வேகமாக ஓடும் என்பதால், தூரத்துத் தசையும் பக்கத்துத் தசையும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கணவாய் பின்னால் பாயும்.

1939-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் மின்முனையைச் செருகியது இப்படிப்பட்ட இழைக்குள்தான். சும்மா இருக்கும்போது இழையின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 60 மில்லிவோல்ட் எதிர்மின். தூண்டினால் அந்த இடத்தில் சோடியம் உள்ளே பாய்கிறது, உடனே பொட்டாசியம் வெளியேறுகிறது, அதற்குள் அடுத்த இடம் தூண்டப்பட்டுவிடுகிறது. கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல் இல்லை. வெடிச்சரத்தில் நெருப்பு ஏறுவதுபோல். ஒரே வித்தியாசம், இந்தச் சரம் அடுத்த நொடிக்குள் மறுபடி வெடிக்கத் தயார்.

இழை முடிகிற இடத்தில் இடைவெளி. அங்கே கால்சியம் உள்ளே நுழைய, நுண்பைகள் திறந்து வேதிப்பொருள் கொட்டுகிறது. அதுதான் இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லைத் தொடுகிறது. நம் உடலிலும் பெரும்பாலும் இதே முறைதான்.

நரம்பை அளவுகோல் அருகே வைத்தேன்: அரை மில்லிமீட்டர் வரும். ஆனால் அது மெல்லிய இழைகளும் சேர்ந்த கட்டு. பெரியதை மட்டும் தையல் ஊசியால் பிரிக்கப் போவதற்குள், மின்விசிறிக் காற்றில் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை விசிறியை நிறுத்திவிட்டு, கடல்நீர்த் தட்டுக்குள் வைத்தே பிரிக்க வேண்டும்.