கூரையில் துளை போடாமல் ஒரு கேம்பர்: ஈக்கோ வேன் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 13

மாருதி ஈக்கோ வேனை, படுத்துத் தூங்கிப் பயணம் போகும் கேம்பராக வீட்டு வாசலிலேயே மாற்றுகிறோம். ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் கை வைப்பதுதான் ‘திருத்தம்’ என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டில் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முறையாகக் கட்டி விற்கும் மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரம் இருக்கிறது. வீட்டு வாசலில் கட்டும் வண்டி அந்தக் கணக்கில் வராது.

அதனால் இந்த வேலைக்கு ஒரே விதி: கூரையிலும் தரையிலும் புதிதாக ஒரு துளைகூடக் கிடையாது. கட்டில் பின்சீட்டின் போல்ட் துளைகளிலேயே உட்காரும். கழற்றினால் சீட் பழையபடி ஏறிவிடும். சீட்டைக் கழற்றி ஓட்டினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையைக் காட்டிக் கேள்வி வரலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 16

பின்சீட்டை இறக்கி அளந்தாயிற்று. முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் பின்கதவு வரை 180 செ.மீ. கிடைக்கிறது. சக்கர வளைவுக்கு மேலே அகலம் தாராளம், கீழே இடுக்கம். டேப்பை மட்டும் நம்பக் கூடாது. வேனின் பக்கச்சுவர் எங்குமே நேர்கோடு இல்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வளைவுக்கு ஏற்ப வெட்டி வெட்டி அச்சு எடுத்தோம். பிளைவுட்டில் தப்பாக வெட்டினால் ஒரு ஷீட் போச்சு. அட்டை என்றால் நஷ்டமே இல்லை.

ஏப்ரல் 19

தரை மேட்டைத் தூக்கினால் மடிப்புகளில் ஈரமும் துருவும். கடலோர ஊர் வண்டி அப்படித்தான் இருக்கும். கம்பி பிரஷ், தின்னர், இரண்டு கோட் பிரைமர், மேலே பெயின்ட். இரண்டு நாள் கதவைத் திறந்து காயப்போட வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மேலே எதை ஒட்டினாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 27

கூரைத் தகட்டுக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்பு. இணையத்தில் கிடைக்கும் வேன் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. உள்ளே ஹீட்டர், வெளியே பனி. உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்த தகட்டில் போய்த் தண்ணீராகாமல் இருக்க அவர்கள் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறார்கள். சென்னையில் ஹீட்டரும் இல்லை, பனியும் இல்லை. இங்கே அந்தத் தாள் உள்ளே புகுந்த மழை ஈரத்தைக் காயவிடாமல் அடைத்து வைக்கும், அவ்வளவுதான். போடவில்லை.

ஏ.சி. டக்ட் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம், 13 மி.மீ. கனம், தண்ணீர் குடிக்காது. கிளாஸ் வூல் வேண்டவே வேண்டாம்: ஈரம் ஏறியதும் கனத்துத் தொங்கும், தூளும் உதிரும். வெள்ளி நிற பபிள் ஷீட்டை நேராகத் தகட்டோடு ஒட்டுவதும் வீண். அந்தப் பளபளப்பு வேலை செய்ய அதன் முன்னால் 20 மி.மீ. அளவுக்காவது காற்று இடைவெளி வேண்டும்.

தவறு நடப்பது பசையில். ஃபோமிலும் தகட்டிலும் மெலிதாகத் தடவிவிட்டு 10 முதல் 15 நிமிடம் சும்மா விட வேண்டும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: நூல் இழுத்தால் இன்னும் நேரமாகவில்லை, லேசாகப் பிசுபிசுத்து, தோலில் ஒட்டாமல் விட்டால் அதுதான் பதம். ஈரப் பசையில் ஒட்டினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுநாள் வெயிலில் ஆவியாகி அப்பளம் மாதிரி உப்பும். இன்று ஒரு துண்டு அப்படி உப்பியது, கிழித்து மறுபடி ஒட்டினோம். நல்ல வெயிலில் இந்த வேலையே செய்யக் கூடாது. காலை எட்டு மணிக்குள், எல்லாக் கதவும் திறந்திருக்க, பக்கத்தில் நெருப்பு இல்லாமல்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. காற்றோட்டத்தைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஃபோம் வெப்பத்தை உள்ளே விடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மதியம் உள்ளே சேர்ந்ததை இரவு வெளியே தள்ளுவது காற்றின் வேலை. கூரையில் துளை போடக் கூடாது என்பதால் வழி இரண்டு. ஒன்று, முன் இடது கதவின் கண்ணாடியை இறக்கி, 3 மி.மீ. ஏ.சி.பி. (அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) ஷீட்டில் வெட்டிய பட்டையை மேல் பள்ளத்தில் செருகி, கண்ணாடியை ஏற்றி இறுக்குவது. அந்தப் பட்டையில் 120 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி இரண்டு, காற்றை வெளியே தள்ளும் திசையில். மழைக்கு வெளியே கீழ்நோக்கி மடித்த ஒரு மூடி. இன்னொன்று, பின்கதவுப் பூட்டில் மாட்டும் 8 மி.மீ. கம்பிக் கொக்கி, வெல்டிங் பட்டறையில் பத்து நிமிட வேலை. கதவு 7 செ.மீ. திறந்தபடி பூட்டிக்கொள்ளும். ஈக்கோவின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் இடைவெளி கீழே விழுகிறது. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே வெளியேறும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

விசிறி சுற்றுகிறது என்பதால் காற்று ஓடுகிறது என்று அர்த்தமில்லை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பின்கதவு இடுக்கில் பிடித்தோம். புகை நேராக உள்ளே வரவேண்டும். முதலில் அசையவே இல்லை. காரணம், முன் வலது கண்ணாடி ஒரு விரல் திறந்திருந்தது. விசிறி பக்கத்திலிருந்தே காற்றை இழுத்துக்கொண்டது. அதை மூடியதும் புகை கட்டில் நீளத்துக்கும் கோடு போட்டதுபோல ஓடியது.

கொக்கி மாட்டியிருக்கும்போது எஞ்சினை ஓட விடவே கூடாது. சைலன்சர் புகை அதே இடுக்கு வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இது உயிர் விஷயம்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டவில்லை. 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஃபோம் ஷீட்டில் வெட்டிய மறைப்புகளை வண்டி நின்ற பிறகு செருகி, கிளம்பும் முன் எடுத்துவிட வேண்டும்.

மே 11

மின்கணக்கு, ஒரு நாளைக்கு. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இந்த வெயிலில் பாதி நேரத்துக்கும் மேல் ஓடும்: 650 வாட்-அவர். படுக்கை விசிறி 15 வாட், 10 மணி நேரம்: 150. வெளியேற்றும் விசிறிகள் இரண்டும் சேர்த்து 6 வாட், 12 மணி நேரம்: 72. விளக்கு 24. போன், லேப்டாப் 100. மொத்தம் 996.

100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 1,280 வாட்-அவர் பிடிக்கும். 80 சதவீதம் எடுத்தால் 1,024. ஒரு நாளுக்குச் சரி. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். அது 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். படுக்கும் அறையில் அதற்கு இடமில்லை. லித்தியம் 12 கிலோதான்.

பேட்டரியை முன்சீட்டு ஓரத்தில் வைக்கக் கூடாது. ஈக்கோவின் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இந்த வகைப் பேட்டரிகள் பலவற்றுக்கும் சார்ஜ் ஏற்றும் வரம்பு 45 டிகிரிதான். எனவே பின்னால், கட்டிலுக்கு அடியில், நிழலில்.

சோலாரும் கூரையில் இல்லை. கூரையில் பேனல் இருந்தால் சார்ஜுக்காக வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டிவரும், பிறகு உள்ளே யாரும் உட்கார முடியாது. மடிக்கும் 100 வாட் பேனல், 5 மீட்டர் கேபிள்: வண்டி வேப்பமரத்தடியில், பேனல் வெயிலில். நாளுக்கு 350 வாட்-அவர் எதிர்பார்க்கலாம். மீதிக்கு, வண்டி ஓடும்போது எஞ்சின் சுற்றும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அளவாக எடுத்து லித்தியத்துக்கு ஏற்றும் 20 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர், இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 625 வரும். லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரில் கொடுத்தால் அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும், அதுவும் டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது.

மே 14

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு. ஃபிரிட்ஜுக்கு எந்த வயர்? ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5-இல் 0.28 மட்டுமே. ‘பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் நின்னு நின்னு ஓடுது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வோல்ட் சரிந்து, அதன் பாதுகாப்பு அணைத்துவிடுகிறது. சார்ஜர் லைனுக்கு 10 சதுர மி.மீ.

மே 18

வயரிங் முடிந்தது. சார்ஜர் லைனில், வண்டியின் சொந்த பேட்டரி பக்கம் ஒரு 40 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் உள்ள லித்தியம் பக்கம் ஒன்று, இரண்டும் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அந்த வயருக்கு இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கிறது; ஒரு ஃபியூஸ் பாதிப் பாதுகாப்புதான்.

சார்ஜரை முழுச் சுமையில் கால் மணி நேரம் ஓட்டி ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்ததில் ஒரு லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் செம்பு வளையம்) மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டது. பிளையரால் நசுக்கியது அது. கழற்றி ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். செம்பு இழைகள் உதிரியாக, நடுவே கறுப்பாக இடைவெளி; அந்த இடைவெளிதான் சூடாகிறது. லக்கை அழுத்தி நசுக்கும் கருவியான ஹைட்ராலிக் கிரிம்பரில் போட்ட இன்னொரு லக்கையும் அறுத்தோம். இழைகள் தேன்கூடு போல ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே செம்புத் துண்டாகத் தெரிந்தன. கிரிம்பர் வாடகைக்குக்கூடக் கிடைக்கும். சால்டர் வைத்து ஈடுகட்ட நினைக்க வேண்டாம். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, ரோட்டு அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும்.

மே 25

கட்டில். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனம், 14 மீட்டர், 16 கிலோ. மேலே 12 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட்; ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். 18 மி.மீ. போட்டால் ஷீட்டுக்கு 12 கிலோ கூடுமே தவிர, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் குழாய் இருக்கும்போது பலனில்லை. பலகையில் 40 மி.மீ. துளைகளை நிறைய இட்டோம். இல்லாவிட்டால் வியர்வை கீழே தேங்கி மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மெத்தை மூன்று அங்குல ரப்பர் கலந்த தென்னைநார், மூன்று மடிப்பு. ஃபோமைவிட முதுகுக்குச் சூடு குறைவு. நட்டெல்லாம் அதிர்வில் தளராத நைலாக்.

மே 29

தண்ணீருக்கு ஊரெங்கும் கிடைக்கும் 20 லிட்டர் கேன், மேலே சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் சின்ன பம்ப். தனி டேங்க் கட்டினால் கழுவுவது பெரும்பாடு. கேன் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு, இரண்டு பெல்ட்.

சமையல் வண்டிக்குள் இல்லை. கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமாகத் தரையில் தேங்கும், நாம் படுப்பதும் அங்கேதான். இண்டக்‌ஷனும் ஆகாது: 1,500 வாட் அடுப்பு இன்வெர்ட்டர் வழியாக 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரிக்குள் இருக்கும் 100 ஆம்பியர் பாதுகாப்புச் சுற்று (பி.எம்.எஸ்.) பட்டென்று அணைத்துவிடும். 500 வாட் ரைஸ் குக்கர் 44 ஆம்பியரோடு நிற்கும். அரை மணி நேரச் சோற்றுக்கு 280 வாட்-அவர். அதை ஈடுகட்ட அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாக வண்டி ஓட்ட வேண்டும்.

ஜூன் 1

எடை மேடை. ஏற்றியது: குழாய் 16, வெட்டிய பலகை 20, மெத்தை 14, பேட்டரி 12, சார்ஜரும் வயரும் 4, பேனல் 5, ஃபிரிட்ஜ் 13, தண்ணீர் 20, பாத்திரம் 10. ஆக 114 கிலோ. முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி எடுத்து, ஆட்களின் எடையும் கூட்டி ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட வேண்டும். நமக்கு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. பின் டயர் காற்றை முழுச் சுமைக்குக் குறித்த அளவுக்கு ஏற்றினோம்.

ஜூன் 8

ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் எந்தத் தாழ்ப்பாள் நம்பத் தகுந்தது என்று தெரிந்துவிடும். பாத்திர டிராயரின் காந்தப் பூட்டு மூன்றாவது வளைவிலேயே தோற்றது. அழுத்தித் திறக்கும் பூட்டு மாட்ட வேண்டும். தண்ணீர் கேன் அசையவில்லை. காலையில் கண்ணாடியில் மூச்சு ஈரம் வழிந்திருந்தது, குளிருக்காக விசிறியை அணைத்ததன் விளைவு. வெளியேற்றும் விசிறி இரண்டில் ஒன்றாவது ஓடியே ஆகவேண்டும்.

இறங்கியதும் எல்லா போல்ட்டையும் ஸ்பேனரால் சோதித்தோம். கட்டிலின் பின் இடது போல்ட் கால் சுற்று வாங்கியது. அடுத்த 200 கிலோமீட்டரில் மறுபடி பார்க்க வேண்டும். அசைந்தால் தெரிய, பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறது.